வாடிக்கையாளர் வாய் திறந்தால்

வர்த்தகக் கல்வி பயிலும் மாணவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. நல்ல பண்டத்தை நியாயமான விலைக்கு விற்கும் ஒருவர், முகநூலிலும் யூடியூபிலும் போய் நின்று பொதுமக்களோடு பேசிக்கொண்டிருக்கவும் வேண்டுமோ? பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டாற் போதாதோ?

பத்திரிகை விளம்பரம் பயனற்றது என்று சொல்லும் துணிவு, பத்திரிகையில் எழுதும் எமக்கு இல்லை. ஆயினும் விளம்பரம் வேறு, உரையாடல் வேறு. விளம்பரத்தில் வணிகர் பேசுவார், வாடிக்கையாளர் வாசிப்பார். சமூக ஊடகம் என்று இந்நாளில் வழங்கும் களத்திலோ வாடிக்கையாளரே முதலிற் பேசத் தொடங்குகிறார். வணிகர் அங்கே இருந்தாலும் பேச்சு நடக்கும், இல்லாவிடினும் நடக்கும். நேரே இருந்து கேட்பதா, காலந் தாழ்த்திப் பிறர் சொல்லக் கேட்பதா என்பதே அவருக்கு எஞ்சியுள்ள தெரிவு. இதனை விளக்குதற்கு ஒரு கிற்றாரின் கதையை நேயர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

கனடா நாட்டின் ஹலிபக்ஸ் நகரைச் சேர்ந்தவர் டேவ் கரோல் என்னும் இசைக்கலைஞர். 'சன்ஸ் ஒவ் மக்ஸ்வெல்' என்ற குழுவிற் பாடி வந்தவர். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி அக்குழுவினர் அமெரிக்காவிலுள்ள ஒமாஹா நகருக்கு யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானத்திற் புறப்பட்டனர். இடையிற் சிக்காகோவில் விமானம் தரித்தபோது, சக பயணி ஒருவர் வெளியே நோக்கி, பொதி சுமப்போர் கிற்றார்களைத் தூக்கி எறிகின்றனர் என்று கூறினார். கரோல் விமான நிறுவனத்தின் பணியாளர் மூவரிடம் இதனை முறையிட்டார். ஒருவராவது அதனைப் பொருட்படுத்தினாரில்லை. பின்னர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, 3,500 டொலர் பெறுமதியான அவரது 'டெய்லர்' கிற்றார் உடைந்து கிடந்தது. அதனைத் திருத்துவதற்கு 1,200 டொலர் செலவாயிற்று.

அதன்பின் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அவர் அந்நிறுவனத்தின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஓர் அலுவலகம் அவரை மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. மற்றையது இன்னொன்றுக்கு அனுப்பியது. ஈற்றில், சேதம் நேர்ந்து 24 மணி நேரத்துள் விதிப்படி முறைப்பாடு செய்யாமையால் இழப்பீடு கிடையாது என்ற விடை வந்தது. விதி என்னவோ எழுத்தில் இருந்தது உண்மையே. ஆயின், கண்முன்னே நடந்ததை அக்கணமே மூவரிடம் முறையிட்டவருக்கு இவ்விடை எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கரோல் வழக்குத் தொடுக்கவில்லை. இதைப்பற்றி மூன்று பாட்டுக்கள் எழுதி யூடியூபில் வெளியிடுவேன் என்று அறிவித்தார், அவ்வண்ணமே செய்தார். முதற் பாட்டு 2009ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி வெளியாயிற்று. கோபமோ வசைமொழியோ அதிகமில்லாத நகைச்சுவைப் பாட்டு அது. ஒரு நாளுள் ஒன்றரை இலட்சம் தடவை அது பார்க்கப்பட்டது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் அத்தொகை 50 இலட்சமாயிற்று. ஒன்பது மாதம் திறவாத கதவு இப்பொழுது தானாகவே திறந்தது. நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்தனர். இழப்பீடு தருவதாகச் சொன்னார்கள். கரோல் அதனை ஏற்காது, தருமத்துக்குக் கொடுத்துவிடும்படி கூறினார். 3,000 டொலர் ஓர் இசைக் கல்வி நிறுவனத்துக்கு நன்கொடையாயிற்று.

இப்பாட்டினால் அவ்விமான நிறுவனத்தின் பங்குகள் கோடிக்கணக்கான டொலர் பெறுமதியை இழந்தன என்று பின்னர் ஒரு கதை பரவிற்று. இன்றும் மேடைகளில் அதனை எடுத்தாள்வாருளர். நாம் அதனை நம்பவில்லை. 2009 உலகெங்கும் பொருளாதாரம் தளர்ந்திருந்த ஆண்டு. விமானக் கம்பனிகளின் பங்குகள் பல காரணங்களால் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தன. மிகைப்படுத்தாமற் சொன்னாலும் இக்கதை போதிய அளவு பாடம் தருகின்றது. 1,200 டொலரில் முடிந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தை இன்றும் மாணவர்கள் வணிகப் பாடநூல்களிற் படிக்கின்றார்கள்.

இக்கதையில் இரண்டாவது வணிகர் ஒருவரும் உண்டு. அவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். கிற்றாரைச் செய்த டெய்லர் கம்பனியின் பொறுப்பில் யாதொரு பிழையும் இருக்கவில்லை. அவர்கள் பேசாதிருந்திருக்கலாம். ஆயின், அதன் நிறுவுநர்களுள் ஒருவரான பொப் டெய்லர், கரோலுக்கு இரண்டு கிற்றார்கள் தருவதாக முன்வந்தார். விமானத்திற் செல்லும்போது இசைக்கருவிகளை எவ்வாறு பாதுகாப்பது என்பதுபற்றி யூடியூபிலேயே ஒரு காட்சியையும் வெளியிட்டார். அவ்வாரத்தில் உலகம் முழுவதும் கிற்றாரைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சினிடையே பயனுள்ள ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சென்றார் அவர். எத்தனை பக்க விளம்பரம் இதற்கு ஈடாகும்?

நிற்க. சமூக ஊடகத்தில் நல்ல முறையிற் பேசிப் பழகிய விமான நிறுவனமும் உண்டு. நெதர்லாந்தின் கே.எல்.எம். 1919ஆம் ஆண்டில் தோன்றிய பழைய நிறுவனம். 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் நடுப்பகுதியில் ஐஸ்லாந்திலுள்ள எரிமலை ஒன்று சாம்பலைக் கக்கிற்று. அதன் பெயரை உச்சரிக்க முயன்று ஐரோப்பிய வானொலியாளர்களே இடர்ப்பட்டனர்; ஆதலின் நாம் அதனைத் தவிர்த்துக்கொள்கின்றோம். சாம்பல் முகில் பரவியதால் ஐரோப்பாவின் வான்பரப்பு பல நாட்கள் மூடப்பட்டது. ஏறக்குறைய ஒரு இலட்சம் விமானப் பயணங்கள் இரத்தாயின. விமான நிலையங்களிற் படுத்துறங்கிய மக்கள், எங்கு கேட்டாலும் தொலைபேசி கிடைக்காமல், முகநூலிலும் டுவிட்டரிலும் தங்கள் கேள்விகளை எழுதத் தொடங்கினர். கே.எல்.எம். நிறுவனத்தார் பல பிரிவுகளிலிருந்தும் ஊழியர்களை அழைத்து, அக்கேள்விகளுக்கு அங்கேயே இரவு பகலாக விடை எழுதச் செய்தனர்.

சாம்பல் கலைந்தது, அப்பழக்கம் கலையவில்லை. நாள் முழுவதும் விடையளிக்கும் நிரந்தரப் பிரிவாக அது வளர்ந்து, சில ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்டதாயிற்று. 2013இல் அவர்கள் செய்த ஒரு காரியம் எமக்கு மிகவும் பிடித்தது. இப்பொழுது கேள்வி கேட்டால் விடை கிடைக்க எத்தனை நிமிடம் செல்லும் என்பதைத் தங்கள் டுவிட்டர் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி வந்தார்கள். மணிக்கணக்காகக் காத்திருப்பவருக்கு, எவ்வளவு நேரம் என்று தெரிவதே பாதி ஆறுதல்.

இங்கே முக்கியமாகக் கவனிக்கவேண்டியது விடை எழுதியவர்களின் அதிகாரம். "உங்கள் கருத்துக்கு நன்றி, உரிய பகுதிக்கு அறிவித்துள்ளோம்" என்ற வாக்கியத்தை எழுதுவதற்கு ஆளே தேவையில்லை. இப்பொழுது அதனை இயந்திரமும் எழுதும். கே.எல்.எம். ஊழியர்களோ பயணச்சீட்டை வேறு நாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஆசனத்தை ஒதுக்கினார்கள். கேட்ட இடத்திலேயே காரியம் முடிந்தது. கரோல் சந்தித்த பணியாளர்களுக்கு அத்தகைய அதிகாரம் இருந்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திராது.

அப்படிப்பட்ட நிறுவனமும் ஒருமுறை சறுக்கிற்று. 2014 யூன் 29ஆந் திகதி உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் நெதர்லாந்து மெக்சிக்கோவை 2க்கு 1 என வென்றது. உடனே கே.எல்.எம். பக்கத்தில், மெக்சிக்கோவினரின் அகன்ற தொப்பியும் மீசையுமாக ஓர் உருவத்தை வரைந்து, 'போய் வாருங்கள் நண்பர்களே' என்ற பொருள்படக் கேலி செய்து எழுதினர். தோற்றவரின் கண்ணீர் காயுமுன் எழுந்த அந்தக் கேலிக்குப் பெரும் எதிர்ப்புக் கிளம்பவே, அதனை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். உரையாடலில் நகைச்சுவை வேண்டியதே. ஆயின், பயணச்சீட்டு வாங்கியவர்களில் ஒரு பகுதியினரைப் பார்த்துச் சிரிக்கும் நகைச்சுவை எந்தக் கடைக்கும் ஆகாது.

இதனினும் பெரிய பிழை 2010 மார்ச் மாதத்தில் நெஸ்லே நிறுவனத்தார் செய்தது. பாம் எண்ணெய்க்காக இந்தோனேசியக் காடுகள் அழிக்கப்படுவதையும், அங்கு வாழும் ஒராங்குட்டான் குரங்குகள் இடம் இழப்பதையும் சுட்டிக்காட்டி, 'கிட்கட்' சொக்கலேற்றை வைத்துக் கிரீன்பீஸ் இயக்கத்தினர் ஒரு காட்சி வெளியிட்டனர். நெஸ்லே அதனை யூடியூபிலிருந்து அகற்றுவித்தது. அகற்றியதே அதற்கு விளம்பரமாகி, அது வேறு தளங்களில் முன்னிலும் வேகமாகப் பரவிற்று. பின்னர் மக்கள் நெஸ்லேயின் முகநூல் பக்கத்துக்கே வந்து எழுதியபோது, பக்கத்தை நடத்தியவர் அவர்களோடு ஏட்டிக்குப் போட்டியாக வாதாடினார். எமது சின்னத்தைத் திரித்துப் போடுவோரின் எழுத்து நீக்கப்படும் என்று எச்சரித்தார். இரண்டு மாதத்துள், மே மாதத்தில், காடழிப்போடு தொடர்புடைய எண்ணெயை வாங்குவதில்லை என்ற கொள்கையை அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. இதனை முதல் நாளே பேச்சுக்கு எடுத்திருக்கலாமே!

இனி, எமது ஊர்க் கடைகளுக்கு வருவோம். பெரிய கம்பனிகளின் கதை சிறு முதலாளிமாருக்கு எதற்கு என்று கேட்கலாம். செட்டியார் தெருவில் நகை வாங்குவோரும், யாழ்ப்பாணம் பெரியகடையிற் புடைவை எடுப்போரும், பழகிய கடையையே தேடிச் செல்வது எதனால்? முதலாளி எங்களை அறிவார், பிழை நேர்ந்தால் போய்க் கேட்கலாம் என்ற நம்பிக்கையினாலன்றோ! அந்த நம்பிக்கையைத் தூரத்தில் உள்ளவருக்கும் கொடுப்பதற்கே இக்கருவி உதவுகின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறந்தபோது, கடைகள் வட்ஸ்அப்பில் பொருட் பட்டியலை வாங்கி வீடுகளுக்கு அனுப்பிய காட்சியை நாம் எல்லோரும் கண்டோம். வீட்டிலிருந்து மிளகாய்த்தூளும் பலகாரமும் செய்து முகநூலில் விற்கும் பெண்கள் இன்று பலர். அவர்களுக்கு வாசற்கதவும் அதுவே, கல்லாப்பெட்டியும் அதுவே.

இவ்வாறு விற்பவர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. அதனை நாம் விரும்பவில்லை. சேலையின் படத்தைப் போடுவார்கள். கீழே ஒருவர், "விலை என்ன?" என்று எல்லோரும் காணக் கேட்பார். "இன்பொக்ஸுக்கு வாருங்கள்" என்று விடை வரும். இன்னும் இருபது பேர் அதே கேள்வியைக் கேட்பர். இருபது பேருக்கும் அதே விடை. கடையில் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகருக்கு விதித்த கடமை. முகநூலில் மாத்திரம் விலை ஏன் இரகசியமாகின்றது? ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தால், அதற்கு வாங்க வந்தவரைக் குறை கூறுதல் தகாது.

குறை கூறி எழுதியதை இரவோடிரவாக அழித்துவிடுவதும் அத்தகையதே. அழித்தவருக்கு அது மறைந்துவிட்டதாகத் தோன்றும். எழுதியவரோ அதன் படத்தை முன்னரே கைத்தொலைபேசியிற் பிடித்து வைத்திருப்பார். மொழியைப்பற்றியும் ஒரு சொல். தமிழில் எழுதிக் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த விடையொன்றை ஒட்டிவிடும் பெரிய கடைகள் உள. வாங்குவது எமது காசுக்கு. விடையும் எமக்கு விளங்கவேண்டாமா?

இக்களம் முழுவதும் பிறருடைய நிலம் என்பதையும் வணிகர் மறத்தலாகாது. எமது நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரல் 3ஆந் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிற்று. 2021 ஒக்ரோபர் 4ஆந் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகமெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாமாகவே நின்றன. இலங்கையில் அது இரவு நேரமாதலால் கடைகளுக்குச் சேதம் குறைவு. வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்தம் சம்மதத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவர், அத்தகைய நாளில் அழைத்துப் பேசலாம்.

தமிழில் தட்டெழுதத் தெரியாது என்று சொல்லும் முதலாளிமார் பலரை நாம் அறிவோம். அவர்தம் வீட்டிலேயே உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் மகனோ மகளோ இருக்கக்கூடும். இரவு கடை பூட்டியபின் அரைமணி நேரம் போதும். அன்றைக்கு வந்த கேள்விகளைப் பிள்ளை வாசிக்க, விலையையும் கையிருப்பையும் தகப்பனார் சொல்ல, பிள்ளை எழுதலாம். யாராவது குறை எழுதியிருந்தால், அதற்குரிய விடையைத் தகப்பனாரே தம் வாயாற் சொல்லி எழுதுவித்தல் நன்று.