அமிலத்தின் மீது ஓர் அவதூறு

குடியிருப்போர் சங்கக் கூட்டமானாலும் சரி, கல்யாண மண்டபத்தில் நடக்கும் ‘ஆரோக்கிய முகாம்’ ஆனாலும் சரி, செய்முறை ஒன்றுதான். வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் குளிர்பானம், கடைசியில் விற்பனையாளர் கொண்டுவந்த காரநீர் இயந்திரத்தின் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு விடுவார். மற்றதெல்லாம் மஞ்சளாக, அவருடையது மட்டும் ஊதாவாக மாறும். மஞ்சள் என்றால் அமிலம், அமிலம்தான் எல்லா நோய்க்கும் மூலம். ஊதா என்றால் காரத்தன்மை, அதில் கேன்சர்கூட உயிர்வாழாது என்று முடிப்பார். கூட்டம் தலையாட்டும். லட்ச ரூபாயைத் தாண்டும் விலையும் மாதத் தவணையும் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

நிறம் மாறியது உண்மை. நோயைப் பற்றி அதற்குப் பின் சொன்னதெல்லாம் பொய். ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போட்டால் எந்தத் தண்ணீரையும் காரப் பக்கம் தள்ளிவிடலாம். அதற்கு இயந்திரம் வேண்டாம். ஆனால் என் வழக்கு விற்பனையாளரோடு மட்டும் இல்லை. ‘உடம்பில் அமிலம் சேர்ந்துவிட்டது, அதை முறிக்க வேண்டும்’ என்ற எண்ணம் நன்கு படித்தவர்கள் வீட்டிலும் குடியேறிவிட்டது. அமிலத்தை ஏதோ அழுக்கைப் போல நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பிஎச் என்ற அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்தான் அது பிறந்தது என்பதை, அதை வைத்து ஒழுக்கம் போதிப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அந்த அளவுகோலில் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு சுமார் 0.03 மில்லிமோல். இரைப்பைச் சாற்றின் பிஎச் 1.5 என்று வைத்தால், அதன் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் அமிலமும் அதே 0.03 மில்லிமோல்தான். லட்சம் ரூபாய்த் தண்ணீரின் ஒரு லிட்டர் ‘சக்தி’யை உங்கள் வயிறு ஒரு மில்லிலிட்டரில் முடித்துவிடும். வயிறு ஒரு நாளில் சுரப்பதோ ஏறக்குறைய 2 லிட்டர்.

அந்த அமிலம் அங்கே சும்மா சுரக்கவில்லை. புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதி, கடும் அமிலத்தில்தான் விழித்தெழுந்து வேலை செய்யும். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே சாகின்றன. தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமி கொடுத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், சோடா உப்பால் வயிற்று அமிலத்தை முறித்துவிட்டுக் கொடுத்தபோது, முன்பு தேவைப்பட்டதில் மிகச் சிறிய பங்கு கிருமிகளே நோய் உண்டாக்கப் போதுமானதாக இருந்தன. இரைப்பையைத் தாண்டியதும் கணையம் பைகார்பனேட்டை ஊற்றி அந்த அமிலத்தை அடக்குகிறது, ஏனென்றால் சிறுகுடலின் நொதிகளுக்கு வேண்டியது லேசான காரச் சூழல். ஒரே குழாயில் ஒரு சாண் தூரத்துக்குள் இரண்டு எதிரெதிர் உலகங்கள். ‘உடம்பைக் காரமாக்குங்கள்’ என்பவர் இதில் எந்த இடத்தைச் சொல்கிறார்?

இன்னும் உள்ளே போகலாம். தோலின் மேற்பரப்பு பிஎச் 5 அளவில் இருக்கிறது. செல்லுக்குள் பழுதான புரதங்களைச் சிதைக்கும் லைசோசோம் என்ற பையின் உள்ளே 5க்கும் கீழே. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு சவ்வுகள். உணவிலிருந்து வரும் ஆற்றலைக் கொண்டு உள்சவ்வு, அமிலத்தன்மையைத் தரும் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. வெளியே அமிலத்தன்மை கூடுகிறது, உள்ளே காரத்தன்மை கூடுகிறது. திரும்பி ஓடிவரும் புரோட்டான்கள் ஒரு நொதியைச் சுழற்ற, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பிறக்கிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது சக உயிர்வேதியியலாளர்கள் பலர் பல வருடம் ஏற்கவே இல்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. ஒரு மனிதர் ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏடிபியை எடை போட்டால் அவருடைய உடல் எடையை நெருங்கும். அதில் பெரும்பகுதி அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையிலுள்ள அந்த ஏற்றத்தாழ்வில் ஓடுகிறது. எல்லா இடத்தையும் ஒரே காரமாகச் சமன் செய்தால் ஆரோக்கியம் வராது, சில நிமிடங்களில் மரணம்தான் வரும்.

சரி, ரத்தம்? அது ஏற்கெனவே சற்றுக் காரம்தான்: 7.35 முதல் 7.45 வரை. அதைக் காப்பது நீங்கள் குடிக்கும் தண்ணீர் இல்லை, நுரையீரலும் சிறுநீரகமும். உடல் ஒரு நாளில் உண்டாக்கும் கரியமில வாயு சுமார் 15,000 மில்லிமோல். நீரில் கரைந்தால் அது கார்பானிக் அமிலம். அதை மூச்சு வெளியேற்றிவிடுகிறது. மீதமாகும் மற்ற அமிலங்கள், பொதுவாக 50 முதல் 100 மில்லிமோல், சிறுநீரில் போகின்றன. ஒரு நிமிடம் மூச்சை அடக்கினாலே ரத்தம் அமிலப் பக்கம் நகரும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் காரப் பக்கம் நகரும்; விரல் நுனிகள் மரத்து, கை இழுத்துக்கொள்ளும், ஏனென்றால் ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியம் அப்போது குறைகிறது. இவர்கள் வாக்களிக்கும் ‘காரமான உடம்பு’ உண்மையில் கிடைத்தால் அதன் அறிகுறி இதுதான்.

எலுமிச்சை உள்ளே போனதும் காரமாகிவிடும் என்கிறார்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. சிட்ரேட்டை உடல் எரிக்கும்போது பைகார்பனேட் மிஞ்சுகிறது. ஆனால் அது சிறுநீரைத்தான் மாற்றுகிறது, ரத்தத்தை அல்ல. சில வகைச் சிறுநீரகக் கற்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். காலையில் பிஎச் காட்டும் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்து ‘அமிலம்!’ என்று அலறுபவர்கள், தங்கள் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்வதைக் கண்டு அலறுகிறார்கள்.

புற்றுநோய் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஓட்டோ வார்பர்க் ‘காரத்தில் கேன்சர் வாழாது’ என்று நிரூபித்து 1931இல் நோபல் வாங்கினாராம். வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காக இது சுற்றுகிறது. அவருக்குப் பரிசு கிடைத்தது சுவாச நொதியின் இயல்பைக் கண்டறிந்ததற்கு. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் ஆக்குகின்றன என்று அவர் கண்டது உண்மை. அந்த அமிலத்தைச் செல் வெளியே தள்ளிவிடுவதால் சுற்றுப்புறம் அமிலமாகிறது; செல்லின் உட்புறமோ சாதாரணச் செல்லைவிடச் சற்று அதிகக் காரத்தோடுதான் பெரும்பாலும் இருக்கிறது. காரத்தில் வாழாது என்று சொல்லப்படும் செல், தன் வீட்டுக்குள் காரத்தைத்தான் வைத்துக்கொள்கிறது.

இதற்கு வெளிநாட்டு ஆய்வுகளைத் தேடவேண்டியதில்லை. தாம்பூலத் தட்டைப் பாருங்கள். சுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் 12ஐத் தாண்டும். எந்த இயந்திரமும் குடிக்கத் தரும் தண்ணீர் அதன் அருகில் வராது. காரம் புற்றுநோயைத் தடுக்குமென்றால், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்புமாக வாயில் அடக்கியே வாழ்ந்தவர்களின் கன்னங்கள் அல்லவா தப்பியிருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. பாக்குதான் முதல் குற்றவாளி. ஆனால் சுண்ணாம்பு தரும் காரச் சூழலில்தான் பாக்கின் வேதிப்பொருள்கள் திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகமாக உண்டாக்குகின்றன.

இந்த நம்பிக்கையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் ராபர்ட் யங். பிஎச் அதிசயம் என்று 2002இல் புத்தகம் போட்டார், நோயாளிகளின் நரம்பில் சோடா உப்பு ஏற்றினார். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக 2016இல் குற்றவாளி எனத் தீர்ப்பு, மறு வருடம் சிறை. அவரை நம்பிய மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு 105 மில்லியன் டாலர் இழப்பீடு தரவேண்டுமென 2018இல் ஒரு நடுவர் குழு சொன்னது. யங் சிறைக்குப் போனார், அவருடைய வாசகங்கள் நம் ஊர் மண்டபங்களில் பத்திரமாக இருக்கின்றன.

நம் ஊர்க் கூத்து ஒன்று தனி. போர் தண்ணீரில் பைகார்பனேட்டும் கால்சியமும் ஏராளம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்த உப்பு பிடிக்காமல் ஆர்.ஓ. வாங்குகிறோம். அது உப்பில் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் தண்ணீர் லேசாக அமிலப் பக்கம் சாய்கிறது. உடனே ‘அல்கலைன்’ கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கூடுதல் விலைக்கு மாட்டி, எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கிறோம்.

காய்கறி, பழம் தின்னச் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. அவை நல்லவை, காரணம் வேறு. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு மருத்துவர்களே ரத்தப் பரிசோதனை பார்த்து பைகார்பனேட் மாத்திரை எழுதித் தருகிறார்கள், அதுவும் சரியே. பயப்பட வேண்டியது அந்த முகாமின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளியைப் பற்றி. அவர் தண்ணீரை நம்பி இன்சுலினை நிறுத்தினால், ரத்தம் நிஜமாகவே அமிலப் பக்கம் சரியும்: கீட்டோன்கள் குவிந்து, மூச்சு ஆழ்ந்து வேகமாகி, நினைவு தப்பும். அப்போதுகூட அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கொடுப்பது காரம் அல்ல. சலைன், இன்சுலின், பொட்டாசியம். இன்சுலின் கிடைத்ததும் உடல் கீட்டோன் செய்வதை நிறுத்துகிறது, இருப்பதை எரித்து பைகார்பனேட்டைத் தானே மீட்டெடுக்கிறது. சோடா உப்பை ஏற்றலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதே, பொதுவாக, பிஎச் 7க்கும் கீழே இறங்கிய பிறகுதான்.