கூடாரம் போடலாம், அடுப்பை யார் மூட்டுவது?



பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால் போதும், 'எங்கேயாவது குளிர்ச்சியான இடத்துக்குப் போகலாம்' என்ற பேச்சு எல்லா வீட்டிலும் ஆரம்பித்து விடுகிறது. எங்கள் தூத்துக்குடி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்பளத்துக்கு அது நல்லது, உடம்புக்குத்தான் ஆகாது. காலையில் கட்டிய சேலை பத்து மணிக்கே புழுக்கத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதில் அக்னி நட்சத்திரமும் சேர்ந்துவிட்டால், அடுப்படியில் நிற்கிற நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

மலைக்குப் போனால் லாட்ஜ் வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இப்போது புதிதாக ஓர் ஆசை கிளம்பியிருக்கிறது. கூடாரம் வாங்கிக்கொண்டு போய், மலையிலோ ஆற்றங்கரையிலோ அடித்து, இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது! எங்கள் வீட்டிலும் இந்த மே மாதத்துக்கு இப்படி ஒரு திட்டம் ஓடுகிறது. எத்தனை கூடாரம், எந்த வேன், யார் எங்கே படுப்பது என்று ஆண்கள் எல்லாம் பேசி முடித்தாச்சு. கடைசியில் கொழுந்தனார் என்னிடம் வந்து, "மதினி, நீங்க சமையல் சாமான் லிஸ்டை மட்டும் போட்டுடுங்க" என்றார்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பதினோரு பேருக்கு இரண்டு நாள் சமையல் என்றால் அது 'மட்டும்' இல்லை தோழிகளே. வீட்டில் காஸ் அடுப்பு, மிக்ஸி, குழாயில் தண்ணீர் எல்லாம் இருக்கு. கூடாரத்தில் என்ன இருக்கு? மூன்று கல்லும் காற்றில் அணையும் நெருப்பும்தான். வெயிலுக்குத் தப்பிக்க ஆண்களும் பிள்ளைகளும் போகிறார்கள். நாம் மட்டும் ஓர் அடுப்பை விட்டுவிட்டு இன்னோர் அடுப்புக்குப் போகிறோம்!

கூடாரம் அடித்துத் தங்குவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவது நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குடும்பங்களின் பழைய வழக்கம். முன்பெல்லாம் நாள் கணக்கில் தங்குவார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம் என்பதால் இப்போது வனத்துறை நாட்களைக் குறைத்து, பாலித்தீன் பைக்கும் தடை போட்டிருக்கிறது. எங்கள் அத்தை சின்ன வயதில் அங்கே போனவர்கள். "சாமி கும்பிட்ட நேரத்தை விட சட்டி கழுவின நேரம்தான்டி ஜாஸ்தி" என்பார்கள்.

முத்துக்குளித்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்கு முன் 1905-ல், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம், இலங்கையில் மரிச்சுக்கட்டி என்ற கடற்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. நம் கடற்கரையிலிருந்தும் குளியாட்கள் போனார்கள். வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளாலேயே ஓர் ஊர் எழும்பியதாம். அங்கே ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட், கடைவீதி எல்லாம் இருந்தன. சில வாரத்தில் கலையப் போகிற ஊருக்கே அவ்வளவு ஏற்பாடு! நம் வீட்டு ஆண்கள் போடும் திட்டத்தில் ஒரு கழிப்பறைக்குக் கூட இடமில்லையே.

இதைச் சொல்ல வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் நாம் சிரமப்படுகிறோம். ஒதுங்க இடம் இல்லை என்றால் பெண்கள் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விடுகிறோம். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், சிறுநீரை அடக்குவதும் உடம்புக்குக் கெடுதல். மயக்கம் வரும், நீர்க்கடுப்பு வரும், கிருமி தொற்றவும் வாய்ப்பு உண்டு. வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். அந்த நாட்கள் வந்துவிட்டால் அந்தக் குழந்தை துணி மாற்ற எங்கே போகும்?

இன்னொரு விஷயமும் உண்டு. கூடாரம் குளிர்ச்சி தராது. வெயிலில் அடித்த கூடாரத்துக்குள் வெளியை விட அதிகமாக வேகும். குளிர்ச்சி தருவது உயரமும் மர நிழலும் தண்ணீரும்தான். சுமார் 1000 மீட்டர் உயரம் ஏறினால் ஆறு டிகிரி போல வெப்பம் குறையும். அதனால்தான் கொடைக்கானல் குளிர்கிறது. அங்கே போவதற்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. குற்றாலம் போகலாம் என்றால், சீசன் ஜூனில்தான் ஆரம்பிக்கும். அப்போது பள்ளிக்கூடம் திறந்து விடும்.

'அப்போ நம்ம கடலிலேயே ஒரு தீவுக்குப் போவோம்' என்று சில இளவட்டங்கள் சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986-லேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நினைத்தபடி போய்த் தங்க முடியாது. கடற்கரையில் அலைக்குப் பக்கத்தில் கூடாரம் போடுவதும் ஆபத்து. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் என்று திடீரென்று அலை பொங்கி வரும். அந்த எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான், 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவிகள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. ஐந்து பேரும் பிழைக்கவில்லை.

காட்டிலும் எச்சரிக்கை வேண்டும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலைக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியுமா? அதில் எத்தனை பெண்கள்! 2021 ஜனவரியில் வயநாட்டில் கூடாரத்தில் தங்கிய ஓர் இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அனுமதி கேட்டுப் போவது கௌரவக் குறைச்சல் இல்லை, அது உயிருக்குப் பாதுகாப்பு.

இவ்வளவும் சொல்வதால் போகவே கூடாது என்கிறேன் என்று நினைக்காதீர்கள். வருஷம் முழுக்க நாலு சுவருக்குள் கிடக்கிற நமக்குத்தான் முதலில் வெளிக்காற்று வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திட்டம் போடும்போதே நம்மையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நான் வீட்டில் சொல்லிவிட்டேன். முதலில் கழிப்பறை இருக்கிற இடமாகப் பாருங்கள். தெரிந்தவர்களின் ஆற்றங்கரைத் தோப்பு என்றால் இன்னும் நல்லது. நிழல் இருக்கும், கிணறு இருக்கும், அவசரத்துக்கு ஒரு வீடும் பக்கத்தில் இருக்கும். முதல் நாள் சாப்பாடு என் பொறுப்பு. புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டாம் நாள் அடுப்பு ஆண்களுடையது. கஞ்சி வைத்துச் சுட்ட அப்பளம் கொடுத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுவோம். அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டக் கூடாது. பாத்திரம் கழுவும் முறையை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டு இரவைப் பற்றிப் பேசலாம்.

எங்க வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "ஏ, அவ சொல்றது நியாயம்தானப்பா" என்று அத்தை சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. இப்போது தோப்பு வைத்திருக்கும் ஒரு உறவுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விசைப்படகுகளுக்குக் கூட ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் உண்டு, மீன்கள் பெருக வேண்டும் என்பதற்காக. கடலுக்கே ஓய்வு தேவை என்று சட்டம் போட்டிருக்கிற நாட்டில், கரண்டிக்கு இரண்டு நாள் தடைக்காலம் கேட்டால் தப்பா? கூடாரமோ கோயிலோ மலையோ, எங்கே கிளம்பினாலும் 'கழிப்பறை எங்கே, சமையல் யார்?' என்ற இரண்டு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். நாம் கேட்காத வரை யாரும் தானாக நினைத்துப் பார்க்கப் போவதில்லை. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, தூத்துக்குடி.