ஆத்தா வந்தா டாக்டர் வரக்கூடாதா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும் கூட. நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். அதனால பின்னூட்டத்துல மருந்துச் சீட்டு கேக்காதீங்க மக்கா.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டு வாசல்ல வேப்பிலைக் கொத்து சொருகி இருந்ததைப் பார்த்ததுமே புரிஞ்சு போச்சு. உள்ள போனா, நாலு வயசுப் பய வேப்பிலை பரப்பின வெள்ளை வேட்டி மேல சுருண்டு கிடக்கான். சின்னம்மை. அன்னைக்கு ஆறாம் நாள். மூணாம் நாளே இறங்கின காய்ச்சல் மறுபடியும் கொதிக்குது. தொடையில ஒரு கொப்புளத்தைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்குச் செவந்து வீங்கி இருக்கு. தொட்டா அலறுறான்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

கேட்டதுதான் தாமதம், பெரியம்மா பாய்ஞ்சுட்டாங்க. "வாயைக் கழுவுடா! ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிப் பேச்சு பேசலாமா? இறங்குற நேரத்துல கொஞ்சம் உக்கிரமாத்தான் இருப்பா. கோவிச்சுக்கிட்டா கண்ணை எடுத்துருவா."

மாமா சுவத்தைப் பார்த்தாரு. நான் அக்காவைப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. "கோவம் வந்தா எம்மேல வரட்டும் பெரியம்மா. காட்டிட்டு வந்துடறேன்."

சொறிஞ்ச புண் வழியா பாக்டீரியா இறங்கியிருக்குன்னு சொன்னார் டாக்டர். அப்படியே விட்டா ரத்தத்துல கலந்துரும்னும் சொன்னார். மூணு நாள் ஆஸ்பத்திரியில வச்சு ஊசி போட்டாங்க. பய பொழைச்சுக்கிட்டான்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

பகுத்தறிவு நண்பர்கள் இப்பவே "வேப்பிலை மூடநம்பிக்கை"ன்னு கும்ம ரெடி ஆயிருப்பீங்க. கொஞ்சம் இருங்க. எனக்கும் வேப்பிலைக்கும் சண்டை இல்ல. சொல்லப்போனா வாசல்ல சொருகின அந்தக் கொத்து மாதிரி ஒரு அறிவிப்புப் பலகை உலகத்துல கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் "இந்த வீட்டுக்குள்ள வராதே"ன்னு புரியுது. சின்னம்மை காத்துல பரவுற வைரஸ். கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சு, எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் தொத்தும். விருந்தாளி வரக்கூடாது, புள்ளையைத் தனியா படுக்க வைக்கணும், பருத்தித் துணி, இளநீர், மோர், கூழ்... பாட்டிங்க சொன்னது எதுவும் தப்பில்ல. வாய்க்குள்ளயும் புண் இருக்கிற புள்ளைக்குக் காரம் போடாத கஞ்சி குடுக்கிறது அறிவியலுக்கு விரோதமா என்ன?

என் சண்டை ஒரே ஒரு வரியோடதான்: "அம்மை போட்டா டாக்டர்கிட்ட போகக்கூடாது."

எங்க பொழப்புல ஒண்ணு உண்டு. எவனோ எப்பவோ எழுதின கோடு. மேல "இதைத் தொடாதே"ன்னு ஒரு கமெண்ட் இருக்கும். எந்த சர்வருக்காக எழுதினானோ அந்த சர்வரே இப்ப இருக்காது. ஆனா அந்த வரியை அழிக்க ஒருத்தனுக்கும் தைரியம் வராது.

இந்த விதியும் அப்படித்தான். இது பெரியம்மைக்கு எழுதின விதி. வந்தா பத்துப் பேர்ல மூணு பேரைக் கொண்டு போன நோய் அது. பொழைச்சவங்கள்ல பலர் கண்ணையும் எடுத்துட்டுத்தான் போச்சு. பெரியம்மா சொன்ன "கண்ணை எடுத்துருவா" அந்தக் காலத்துப் பயம்தான். வராம தடுக்க அம்மை குத்துறது இருந்துச்சு. ஆனா வந்த பிறகு குடுக்க எந்த டாக்டர்கிட்டயும் மருந்து கிடையாது. மருந்தே இல்லாத இடத்துக்குப் புள்ளையைத் தூக்கிட்டுப் போனா வழியெல்லாம் நோயைப் பரப்புறதுதான் மிச்சம். அதனால "வீட்டுலயே கிட, ஆத்தாவை வேண்டிக்கோ"ன்னு சொன்னதுல அன்னைக்கு நியாயம் இருந்துச்சு.

அந்தப் பெரியம்மை இந்தியாவுல 1975ஓட முடிஞ்சது. உலகத்தை விட்டே ஒழிஞ்சதுன்னு 1980 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. நோய் போயி அம்பது வருசம் ஆச்சு, விதி மட்டும் போகல!

"எங்க வீட்டுல எல்லாரும் டாக்டர் இல்லாமத்தான் பொழைச்சோம்"னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். உண்மைதான். ஆரோக்கியமான குழந்தைக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல சின்னம்மை தானா இறங்கிடும். ஆனா யாருக்குத் தானா இறங்காதுன்னு பார்த்துச் சொல்லத்தானே டாக்டர்? இன்னொண்ணு. தட்டம்மைன்னாலும் அம்மை, அம்மைக்கட்டுன்னாலும் அம்மை, கை கால் வாயில கொப்புளம் வர்ற தக்காளிக் காய்ச்சலும் அம்மை. வந்தது எதுன்னே தெரியாம வேப்பிலை வைக்கிறோம். தட்டம்மை நுரையீரலைப் புடிச்சா என்ன செய்வீங்க?

இப்போ வீட்டுல நடக்கிற கூத்துகளை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒண்ணு, குளியல். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் உடம்புல தண்ணியே படக்கூடாதாம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்தா அரிப்பு கூடும். அரிச்சா புள்ளை சொறியும். சொறிஞ்சா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே பார்த்தாச்சு. வெதுவெதுப்பான தண்ணியில தேய்க்காம குளிப்பாட்டி, துண்டால ஒத்தி எடுத்தா போதும். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி சாங்கியத்தை அது பாட்டுக்கு செய்ங்க. யாரு வேணாங்கிறா?

ரெண்டு, நகம். "ஆத்தா இருக்கும்போது நகம் வெட்டக்கூடாது." அக்கா பையனோட மூணு நாள் ஆஸ்பத்திரிவாசத்துக்குக் காரணம் இந்த ஒரு வரிதான்னு அடிச்சுச் சொல்லுவேன். முதல் நாளே ஒட்ட வெட்டுங்க. ராத்திரி கையில மெல்லிசா ஒரு பருத்தி சாக்ஸை மாட்டி விடுங்க. அரிப்புக்கு உடையாத கொப்புளத்து மேல காலமைன் தடவலாம். வேப்பிலைக் கொத்தால மெதுவா வருடுறதும் நகத்தால பிறாண்டுறதுக்கு எவ்வளவோ தேவலை. ஆனா உடைஞ்ச புண்ணு மேல கண்ட கண்ட அரைப்பையும் அப்பாதீங்க.

மூணு, மாத்திரை. இதுல ரெண்டு கோஷ்டி. "மாத்திரையே கூடாது"ன்னு ஒரு கோஷ்டி, மெடிக்கல்ல கேட்டு எதையாவது வாங்கிப் போடுற கோஷ்டி இன்னொண்ணு. ரெண்டாவது கோஷ்டிதான் பயங்கரம். சின்னம்மை வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் குடுத்தா ரெய்ஸ் சிண்ட்ரோம்னு ஒண்ணு வரலாம். அரிதுதான், ஆனா மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரையே எடுக்கும். ஐபுப்ரோஃபென் குடுத்தா தோல்ல கடுமையான தொற்று வர வாய்ப்பு கூடுதுன்னு அதையும் தவிர்க்கச் சொல்றாங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால், அதுவும் எடைக்குத் தக்க அளவு, டாக்டர் சொன்னபடி. முடிஞ்சது.

நாலு, வீட்டு ஆளுங்க. வெளியாளை உள்ள விடமாட்டோம். ஆனா பிரசவத்துக்கு வந்த பொண்ணு அதே வீட்டுல இருக்கும்! அம்மையே வராத கர்ப்பிணிக்கு இது நிமோனியாவா மாறலாம், வயித்துல இருக்கிற குழந்தையையும் பாதிக்கலாம். பிறந்த குழந்தைக்கும், ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுக்கிறவங்களுக்கும் இதே கதிதான். இவங்க பக்கத்துல இருந்துட்டாங்கன்னா அன்னைக்கே டாக்டருக்கு போன் போடணும். பெரியவங்களுக்கும் பதின்வயசுப் பிள்ளைங்களுக்கும் அம்மை கடுமையா வரும். அதுக்கு அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு, ஆனா கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன். மூணாம் தண்ணி ஊத்திட்டுப் போனா அவரு என்னத்தைப் பண்ணுவாரு?

இதுக்கெல்லாம் முன்னாடி தடுப்பூசி. ஜப்பான்காரர் மிச்சியாக்கி தகாஹாஷி. 1964ல அவரோட மூணு வயசுப் பையனுக்கு சின்னம்மை கடுமையா வந்துச்சு. அவரே வைரஸ் ஆராய்ச்சியாளர், ஆனாலும் கண்ணு முன்னாடி புள்ளை தவிக்கிறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதாப் போச்சு. பத்து வருசம் உழைச்சு 1974ல தடுப்பூசியோட வந்தாரு. இன்னைக்கு உலகத்துல போடுற ஊசிகளுக்குப் பெரும்பாலும் அவரோட ஓகா வகை வைரஸ்தான் அடிப்படை. நம்ம அரசாங்கத்தோட இலவசத் தடுப்பூசிப் பட்டியல்ல இது இல்ல, காசு குடுத்துத்தான் போடணும். ரெண்டு டோஸ். அதைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கவும் நம்மாளுங்க தயாரா இல்ல. "அம்மை வந்துட்டுப் போனா நல்லது"ன்னு வசனம் பேசுறோம். அந்த வைரஸ் நரம்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, வயசான காலத்துல அக்கியா திரும்பி வரும் சாமி. அந்த வலியை வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. ஒரு புள்ளைக்கு அம்மை வந்தா, கூடப் பொறந்ததுக்கு மூணு நாளுக்குள்ள ஊசி போட்டா தடுக்கவும் வாய்ப்பிருக்கு. இதையும் டாக்டர்கிட்ட போனாதான் தெரிஞ்சுக்க முடியும்.

கடைசியா, வேப்பிலைக்குப் பக்கத்துலயே எழுதி ஒட்ட வேண்டியது: இறங்கின காய்ச்சல் திரும்பி வந்தா, நாலு நாளுக்கு மேல நீடிச்சா, கொப்புளத்தைச் சுத்திச் செவந்து பரவினா, மூச்சு வாங்கினா, வாந்தி நிக்காட்டி, மூத்திரம் குறைஞ்சா, புள்ளை அசந்து அசந்து தூங்கினா, நடை தள்ளாடினா, வலிப்பு வந்தா... உடனே ஆஸ்பத்திரி. போன் பண்ணிட்டுப் போங்க, தனியா உக்கார வைப்பாங்க. ராத்திரியா பகலா, எத்தனையாவது தண்ணின்னெல்லாம் பார்க்காதீங்க.

பதிவு எழுதுற நாம பெரும்பாலும் வெளியூர்ல இருக்கோம். நம்ம அக்கா தங்கச்சிங்க தனியா நின்னு பெரியவங்களை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கு. ஊருக்கு ஒரு போன் போடுங்க. "நான்தான் சொன்னேன்னு சொல்லு"ன்னு சொல்லுங்க. பழியை நாம வாங்கிக்குவோம்.

பய வீட்டுக்கு வந்த அன்னைக்கு வேப்பிலை மஞ்சள் போட்ட தண்ணியை பெரியம்மாதான் ஊத்தினாங்க. ஆன்டிபயாடிக் சிரப்பையும் கடிகாரத்தைப் பார்த்து அவங்களே குடுத்தாங்க. ஊத்திக்கிட்டே சொன்னாங்க: "அன்னைக்கு ஆத்தாதான் டாக்டர் ரூபத்துல வந்து காப்பாத்துனா."

அப்படியே இருக்கட்டும் பெரியம்மா, எனக்கு ஆட்சேபணையே இல்ல. அடுத்து எந்த வீட்டுக்கு வந்தாலும், முதல் நாளே அந்த ரூபத்துல வரச் சொல்லுங்க.