அண்ணாச்சி கதையா, ஜீவஜோதி கதையா?

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு நண்பியின் வீட்டு விறாந்தையில் இருந்து ‘த மெனு’ படம் பார்த்தோம். ஒரு தீவு, விலைகூடிய உணவகம், கைதட்டினவுடன் உதவியாளர் எல்லாரையும் நிமிர்ந்து நிற்கவைக்கிற தலைமைச் சமையற்காரர். சாப்பிட வந்தவர்கள் உயிரோடு திரும்புவார்களா என்பதுதான் கதை. படம் முடிய ஒருத்தி, “இதெல்லாம் வெள்ளைக்காரரின்ர விசர். எங்கட ஆக்களுக்குச் சாப்பாடு வெறும் சாப்பாடுதான்” என்றாள். அதில் தொடங்கிய வாக்குவாதம் இரண்டுதரம் தேத்தண்ணி ஊத்தியும் முடியவில்லை.

ஏனென்றால் இதைவிடப் பயங்கரமான கதை தமிழிலேயே நடந்திருக்கிறது. சரவண பவன். அதை உருவாக்கிய பி. ராஜகோபால், தூத்துக்குடிப் பக்கம் புன்னையடி என்ற சின்னக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். நெருப்போடு சேர்ந்த தொழில் செய் என்று சோதிடர் சொல்ல, 1981ல் கே.கே. நகரில் உணவகம் திறந்தார். சுத்தமான கடை, நல்ல எண்ணெய், ஊழியருக்கு வீடு, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு. அவர்களுக்கு அவர் ‘அண்ணாச்சி’. கடை லண்டன், ரொறன்ரோ, பரிஸ் வரை போனது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அங்க தோசை வாங்கிக் குடுப்பன் என்று எங்களில் ஒருத்தியின் சித்தி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவா.

ஜீவஜோதி அந்த நிறுவனத்தில் வேலைசெய்த ஒருவரின் மகள். ஏற்கெனவே இரண்டு மனைவியர் இருந்த ராஜகோபால், சோதிடரின் பேச்சைக் கேட்டு அவரை மூன்றாவதாக மணக்க ஆசைப்பட்டார். அவர் சம்மதிக்கவில்லை. 1999ல் பிரின்ஸ் சாந்தகுமாரைக் காதலித்துக் கலியாணம் முடித்தார். ஆசை அதோடு நிற்கவில்லை. பணம், நகை, வைத்தியச் செலவு, தொலைபேசி அழைப்பு, பிறகு மிரட்டல். 2001 அக்டோபரில் கணவன் மனைவி இருவரும் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்கள். சில நாட்களில் மறுபடியும் கடத்தப்பட்டார்கள். மாதம் முடிவதற்குள் சாந்தகுமாரின் உடல் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலைக் காட்டில் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது.

எங்களை உலுக்கினது கொலையை விட அதைச் செய்த ஆட்கள். ராஜகோபாலோடு தண்டிக்கப்பட்டவர்களில் அவருடைய ஊழியர்களும் இருந்தார்கள். யார் ஆஸ்பத்திரிக் காசைக் கட்டினாரோ அவர் சொன்னால் எப்படி மறுப்பது? இது எங்களுக்குத் தெரியாத கணக்கா? எங்கட பிள்ளை ஒருத்தியின் படிப்புக்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினவர், இரண்டாம் வருடத்தில் அவளைப் பெண் கேட்டார். வீட்டில் ஒருவரும் அதைப் பிழையென்று சொல்லவில்லை. “இவ்வளவு செய்தவரெல்லோ” என்றுதான் கதைச்சார்கள். அவள் ‘மாட்டன்’ என்று சொல்ல ஆறு மாதம் எடுத்தது.

வழக்கு இழுபட்டது. 2004ல் பத்து வருடச் சிறை, 2009ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஜூலையில் ஒட்சிசன் முகமூடியோடு அம்புலன்சில் வந்து சரணடைந்த ராஜகோபால் 18ஆம் திகதி இறந்துபோனார். யூரியூப்பில் இதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: அடிமட்டத்திலிருந்து எழும்பின மனிசன், ஒரு பொம்பிளையால் விழுந்தார். இல்லை. அவர் விழுந்தது அவர் செய்ததால். அந்தப் பொம்பிளை பதினெட்டு வருடம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு எதிரில் நின்றவர்.

‘ஜெய் பீம்’ எடுத்த ஞானவேல் இந்த வழக்கை இந்தியில் படமாக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பெயர் ‘தோசா கிங்’. பெயரிலேயே எங்களுக்குப் பயம். கமரா தோசைக்கல்லையும் நெற்றித் திருநீற்றையும் காதலிக்கத் தொடங்கினால், ஜீவஜோதி இடைவேளைக்குப் பிறகு அழுகிற பாத்திரமாகிவிடுவார்.

இனி அங்க சாப்பிடலாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. ஆயிரம் பேர் உழைக்கிற இடம் என்றார்கள் சிலர். தொண்டைக்குள் இறங்காது என்றாள் மற்றவள்.

மற்றநாள் சித்திக்கு அழைத்து முழுக்கதையையும் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அந்தப் பிள்ளை இப்ப என்ன செய்யுது?” என்று கேட்டா. தஞ்சாவூரில் தையற்கடை போட்டதாகச் செய்தியில் கிடந்தது என்றோம்.