கண்ணைச் சோதித்தால் போதுமா?

கல்யாண் ஒரு ரயில்வே நகரம். ரயில் ஓட்டுகிறவர்களுக்குக் குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது ஏற ஏறப் பரிசோதனை அடிக்கடி நடக்கும். 60 வயதில் ஓய்வு. ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் ஆட்டோ, டாக்ஸி, டெம்போ டிரைவர்களுக்கோ இந்த ஏற்பாடு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் குறைந்தபட்ச வயதைத்தான் சொல்கிறது. உச்ச வயது எதையும் விதிக்கவில்லை.

அதில் குற்றம் காண்பதற்கில்லை. 65 வயதிலும் நிதானமாக ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் தமிழர்கள் தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் உண்டு. வயதை மட்டும் காட்டி அவர்கள் பிழைப்பைப் பறிப்பது நியாயமாகாது. ஓட்டும் திறன் குறைந்திருக்கிறதா என்பதை அறிய முறையான வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 வயதைக் கடந்தவர் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்கே செல்லும். ஆனால் '1ஏ' என்ற மருத்துவப் படிவத்தில் டாக்டர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை தூரப் பார்வை, காது கேட்கும் திறன், கை கால் மூட்டுகளின் நிலை ஆகியவையே. நினைவாற்றலுக்கென்று தனிச் சோதனை இல்லை.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் ஆரம்பத்தில் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கலாம். கை கால் உறுதியாகவே இருக்கலாம். ஆனால் பழகிய பாதையில் திருப்பம் தவறும். சிக்னலைக் கண்டு பிரேக் போடத் தாமதமாகும். 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்றின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 100க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. இதை அலட்சியப்படுத்துவதற்கில்லை.

ஜப்பானில் 75 வயதைக் கடந்தவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது, 2009 முதல் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட வேண்டும். 2022 முதல், குறிப்பிட்ட போக்குவரத்துக் குற்றம் செய்த முதியவர்கள் வண்டி ஓட்டிக் காட்டவும் வேண்டும். காகிதச் சோதனை மட்டும் போதாது என்பதே இதிலுள்ள பாடம். ஆரம்ப நிலை நோயாளிகளில் சிலர் சாலைச் சோதனையில் தேறுவதும் உண்டு. ஆகவே நோயின் பெயரைக் கேட்டதுமே லைசென்ஸைப் பிடுங்குவதும் முறையல்ல.

புலம்பெயர்ந்தோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தமிழ் டிரைவரிடம் மராத்தியிலோ இந்தியிலோ கேள்வி கேட்டு, கடிகாரப் படம் வரையச் சொன்னால், நோயில்லாதவரும் தவறக் கூடும். சோதனை அவரவர் தாய்மொழியில், படிப்புக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் முடிவைச் சாலைச் சோதனைக்கு விட வேண்டும். மத்திய போக்குவரத்து அமைச்சகம் படிவத்தைத் திருத்தி இதற்கு ஆவன செய்ய வேண்டும்.

அதுவரை பொறுப்பு குடும்பத்தாருடையது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று ஓட்டுகிறவர் சொல்வதை நம்பி இருந்துவிட முடியாது. உடனிருப்போர் கவனித்ததற்கே மதிப்பு அதிகம் என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. வண்டியில் புதிது புதிதாகக் கீறல், தெரிந்த இடத்தில் வழி தவறுதல், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மாறிப்போதல் இவற்றைக் கண்டால் மறைக்கக் கூடாது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், சாப்பிடும் மருந்து ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றில் பல குணப்படுத்தக் கூடியவை. சயான், கே.இ.எம். ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் பிரிவில் காட்டலாம்.

ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், சொந்த ஆட்டோ உள்ளவர் பேட்ஜ் வைத்திருக்கும் வேறொருவரிடம் வண்டியை ஷிப்டுக்கு விடலாம். வாடகை வண்டி ஓட்டியவருக்கு அந்த வழியும் இல்லை. டிரைவர் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் அவருக்கு மாற்று வேலை தேடித் தர முன்வர வேண்டும். வீட்டில் அடுப்பு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் சாவியைக் கீழே வைப்பார்.