வீதியில் சைக்கிளுக்கும் பங்குண்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொழுது புலருமுன் வீதிக்கு வருபவர் யாவர்? திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடச் சந்தைக்கும் மரக்கறி கொண்டு செல்லும் கமக்காரர். பட்டணத்திற் கூலிவேலை தேடிச் செல்லும் தொழிலாளர். பாடசாலை தொடங்குமுன் தனியார் வகுப்புக்கு விரையும் மாணவ மாணவியர். இவர்களுள் இன்றும் பலர் செல்வது துவிச்சக்கரவண்டியிலேயே. ஆயினும் அவர்கள் செல்லும் வீதியிலே அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் எது என்று கேட்டால், கறுப்புத் தாரின் விளிம்புக்கும் வடிகாலுக்கும் இடைப்பட்ட மண்ணைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. அந்த மண்ணிலும் பாதி, நிறுத்திவைக்கப்பட்ட வாகனங்களுக்குப் போய்விடுகிறது. இந்நிலை நீதியானதன்று என்பதே எமது கருத்து.

சைக்கிளிற் செல்வோரிடையே எழுதப்படாத ஒரு சட்டமுண்டு. வழியில் ஒருவனுடைய ரயர் காற்றிழந்தால் பின்னால் வருபவன் இறங்கி விசாரிப்பான். அவனிடம் பம்பு இருந்தால் கொடுப்பான். இல்லையேல் அண்மையில் ஒட்டுப்போடும் கடை எங்கேயென்று சொல்வான். சோழகக்காற்று எதிர்த்து வீசும் மாதங்களில் வலியவன் முன்னே சென்று காற்றைத் தாங்க, களைத்தவன் அவன் மறைவிற் செல்வான். வயோதிபர் மிதிக்க முடியாது தவிக்குங்கால் அருகே வரும் இளைஞன் அவர் முதுகிற் கைவைத்து உந்திச் செல்வதையும் காணலாம். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அருகருகே செல்லும் இருவர் சந்தையில் வெங்காயம் என்ன விலை போயிற்று, எந்த வீட்டிற் செத்தவீடு, யாருடைய பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தது என்பவற்றையெல்லாம் இரண்டு மைல் தூரத்திற்குள் அறிந்துகொள்வர். கண்ணாடி அடைத்த மோட்டார் வண்டிக்குள் இருப்பவர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஹோர்ன் ஒன்றையே வைத்திருக்கின்றனர். முகம் தெரியும் வேகத்திற் செல்வோருக்கே முகம் பார்த்து நடக்கும் பண்பு எளிதாகக் கைகூடுகின்றது.

இத்தோழமையை எமது மக்கள் மிகப் பெரிய சோதனைக் காலத்திலே அனுபவித்தறிந்தனர். 1990 யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, புகையிரதமும் நின்றது. மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட சில வாகனங்கள் தவிர ஏனையவை கொட்டில்களில் துருப்பிடித்தன. அப்பொழுது வைத்தியரும் சட்டத்தரணியும் விரிவுரையாளரும் சைக்கிளிலேயே கடமைக்குச் சென்றனர். நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். மின்கலமும் கிடையாத அந்நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசல் விட்டுத் தென்மராட்சியை நோக்கிச் சென்றபோது, மிதிக்கவும் இடமில்லாத சன நெருக்கத்தில் மூட்டை முடிச்சுகளையும் முதிய தாய்தந்தையரையும் சைக்கிளிற் சுமத்தி உருட்டிச் சென்றதை அத்தலைமுறையினர் எவரும் மறந்திரார்.

அக்காலத்தின் துன்பத்தை நாம் மெச்சவில்லை. மறுபடி அது வரவேண்டுமென்று எந்தப் பித்தனும் விரும்பான். ஆனால் அந்தத் துன்பத்துக்கிடையே ஒரு சமத்துவம் நிலவிற்று. கற்றவரும் கமக்காரரும் ஒரே வீதியில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்திற் சென்றனர். குழி விழுந்த இடம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

2002 ஏப்ரலிற் கண்டி வீதி திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. 2009 இல் யுத்தம் முடிந்தபின் பெருந்தெருக்கள் அகலமாக்கப்பட்டு வழவழப்பான தார் போடப்பட்டது. 2014 ஒக்டோபரிற் புகையிரதமும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. வசதி வந்தபோது உத்தியோகத்தரும் தொழில்வாண்மையாளரும் சைக்கிளை விட்டிறங்கியதையும் நாம் குற்றமாகக் கூறோம். அதன் விளைவு ஒன்றை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். வீதியைத் திட்டமிடும் மேசையைச் சுற்றி அமர்பவர் சைக்கிளை விட்டிறங்கிய அன்றே சைக்கிள்காரன் தன் பிரதிநிதியை இழந்துவிட்டான். பொறியியலாளரும் சபை உறுப்பினரும் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவரும் ஒருங்கே மோட்டாரிற் செல்லுமிடத்தில், மிதித்துச் செல்பவனுடைய குறையை அறிபவர் யார்?

வீதி வழவழப்பானதும் வேகம் கூடிற்று. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பாடசாலையிற் படித்த பௌதிகம். மணிக்கு 30 கிலோமீற்றரில் தவறு செய்பவனுக்குத் திருத்திக்கொள்ள நேரமுண்டு. 60 கிலோமீற்றரில் அந்நேரம் கிட்டுவதில்லை. விடியற்காலை இருளில், கீரையும் கத்தரியும் கட்டிய கமக்காரனுடைய சைக்கிள் பின்னால் வரும் லொறிக்குக் கடைசி நொடியிலேயே தென்படுகின்றது. தப்பினால் அவன் வடிகாலில் விழுவான். தப்பாவிடின் ஒரு குடும்பம் உழைப்பாளியை இழக்கும்.

சைக்கிள் பழைய காலத்துப் பொருள். அதற்காக இனி வீதி அமைப்பானேன் என்று சொல்வோர் 2022 ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. யூன் 27 நள்ளிரவு முதல் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படாதென அரசாங்கம் அறிவித்தது. பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தது. கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகத்தர் சைக்கிள் தேடிக் கடைகடையாய் அலைந்தனர். குடாநாட்டிலோ மூலையிற் சாத்தியிருந்த பழைய றலியும் லுமாலாவும் எண்ணெய் பூசிக்கொண்டு மீண்டும் வீதிக்கு வந்தன. எண்ணெய்க் கிணறு எதுவும் இயங்காத இத்தீவில் அத்தகைய நாள் இனி வராதென்று உறுதி கூறத்தக்கவர் எவருமிலர்.

பிறநாட்டு உதாரணம் ஒன்றும் காட்டுவோம். எமது பட்டணத்திற் கோட்டை கட்டியாண்ட ஒல்லாந்தரின் நாட்டில் இன்று மக்கள் தொகையிலும் சைக்கிள் தொகை அதிகம். அது அவர்களுக்குப் பிறப்பிலே வந்த வரமன்று. இரண்டாம் உலகப்போரின்பின் அவர்களும் மோட்டார் மோகத்திற் சைக்கிளை வீதியோரத்துக்குத் தள்ளினர். 1971 ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டு வீதிகளில் 400 க்கும் மேற்பட்ட சிறுவர் மாண்டனர். பெற்றோர் கொதித்தெழுந்து தெருக்களை மறித்தனர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டம் நிறுத்தப்பட்டது. வெறுமையான பெருந்தெருக்களிற் பிள்ளைகள் சைக்கிளோடி மகிழ்ந்தனர். பின்வந்த ஆண்டுகளிற் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் பெருகின. மக்கள் கேட்டார்கள்; அரசு செய்தது. எமது நிலமும் அவர்களுடையதைப் போலச் சமதரையானதே. எமக்கு இல்லாதது அவ்வாறு கேட்கும் குரல்.

நாம் கேட்பவை பெருந்தொகைப் பணம் வேண்டுவனவல்ல. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, கண்டி வீதி ஆகியவற்றின் இருமருங்கிலும் சைக்கிளுக்குரிய அகலத்தைக் கோடிட்டு ஒதுக்கி, அதில் வாகனம் நிறுத்துவதைத் தடுத்தல் வேண்டும். பாடசாலைகளின் முன்னும் சந்தைகளின் முன்னும் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் பூட்டி வைக்கத்தக்க, கூரையுள்ள தரிப்பிடம் அமைத்தல் வேண்டும். வீதி அகலிப்பில் வெட்டுண்ட நிழல் மரங்களுக்கு ஈடாகப் புதியன நடுதல் வேண்டும். மாநகரசபையும் பிரதேச சபைகளும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் ஒன்றுகூடி முடிவு செய்யின் இவற்றிற் பெரும்பாலானவை ஓராண்டில் நிறைவேறக்கூடியவை.

உரிமை கேட்பவர்க்குக் கடமையுமுண்டு. இருளில் விளக்கின்றிச் செல்வது தன் உயிரைத் தானே பணயம் வைப்பதாகும். பின் மட்காட்டில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான் பொருத்துவதற்கு ஆகும் செலவு சொற்பம். பகலிற் தோழனோடு சமாந்தரமாகச் சென்று கதைப்பதில் இனிமையுண்டு. பின்னால் வாகனம் வரும்போது ஒருவர்பின் ஒருவராக ஒதுங்குவதும் அத்தோழமையின் பகுதியே. கைகாட்டாது திடீரெனத் திரும்பும் பழக்கத்தையும் விட்டொழித்தல் வேண்டும்.

இறுதியாகக் கற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கந்தோருக்கும் வீட்டுக்குமிடையே இரண்டு மூன்று மைல் தூரமேயுள்ளவர் வாரத்தில் ஒருநாளாவது சைக்கிளிற் செல்வாராக. உடலுக்கும் பணப்பைக்கும் அதனால் விளையும் நன்மை ஒருபுறமிருக்க, வீதியின் உண்மை நிலை அவருக்கு அன்றே விளங்கும். அடுத்த நாள் சபையிலோ சங்கத்திலோ பேச எழும்போது கமக்காரனுக்காக மாத்திரமன்றித் தமக்காகவும் பேசுவார். அப்பேச்சுக்கு வலிமை அதிகம். கமக்காரரும் தத்தம் சங்கங்களில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவாராக. முன்னொருகால் ஒரே காற்றை எதிர்த்து அருகருகே மிதித்த இரு கூட்டத்தாரும் மீண்டும் ஒருகுரலிற் கேட்டால், வீதியிற் சைக்கிளுக்குரிய பங்கை மறுக்க எச்சபைக்கும் துணிவு வராது.