எஞ்சின் இறுகினால் எடைக்குப் போடுவதா?

நம் சங்க உறுப்பினர் பலரிடம் சரக்கு ஏற்றும் சிறு வண்டியோ, பழைய அம்பாசடரோ உண்டு. ஓடாமல் நின்று எஞ்சின் இறுகிவிட்டால், "ஜாம் ஆகிவிட்டது, காயலான் கடைக்குத் தள்ளுங்கள்" என்று யாரோ சொல்வதைக் கேட்டு வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். இது முதலுக்கே மோசம் செய்யும் வியாபாரம் என்பது என் கருத்து.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, நம் ஊர் ராஜாளி கடற்படைத் தளத்தில் பயணிகள் விமானங்கள் இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். மூழ்கிய எஞ்சினுக்கு வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி, வடிந்ததும் அவசரமாகப் போடும் செல்ஃப். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வளைந்த ராடுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது அரிது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

நின்ற வண்டியில் இறுகுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டர்தான். வால்வு திறந்த நிலையில் நின்றதில் ஈரக்காற்று புகுந்துவிடும். பிஸ்டன் அலுமினியம், அது துருப்பிடிக்காது. இரும்பு ரிங்கும் சிலிண்டர் சுவரும்தான் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி வயரைக் கழற்றி, பிளக்கையோ இன்ஜெக்டரையோ எடுத்து, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளப்பிடி ஸ்பானர் போட்டு, ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே. அசையாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். (எங்கள் கிடங்கு வண்டிக்கு ஒன்பது நாள் பிடித்தது.) அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, சுவரில் தெரியும் துருவை உப்புத்தாளால் தேய்த்து, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டலாம். சுத்தியலை நேரே பிஸ்டன் தலையில் இறக்கினால் பிஸ்டனே போய்விடும். கியரில் போட்டு லாரியில் கட்டி இழுக்கும் வித்தையும் நடக்கிறது. ராடை வளைக்க அதைவிடக் குறுக்குவழி இல்லை.

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. "நாளைக்கே வண்டி வேண்டும்" என்று பட்டறை வாசலில் நிற்பது நாம்தானே? பத்து நாள் வாடகை வண்டிக்கு ஆகும் செலவையும் மாற்று எஞ்சின் விலையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

அசைந்துவிட்டால், ஊற்றியதை வடித்து, புது ஆயில் மாற்றிய பிறகே செல்ஃப் போட வேண்டும். சுவரில் குழி விழுந்திருந்தால் ரீபோர் அல்லது ஸ்லீவ். பிளாக்கே விரிந்திருந்தால் சென்னை புதுப்பேட்டைதான் கதி. அங்கே வாங்கும் எஞ்சினுக்குக் கண்டிப்பாகப் பில் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.